அத்தை கடை நோட்டு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ முன்னைப் போலக் கூப்பிடுவதில்லை, கூப்பிட்டாலும் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

அத்தைக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடம் வரைக்கும் வருகிறார். வந்ததும் வராததுமாக "உளுந்து ஊறப் போட்டாச்சா?" என்றுதான் கேட்கிறார். கடையில் இப்போது நான்தான் உட்காருகிறேன். வாத்தியார் பெண்டாட்டி செல்லூரில் மாவு விற்பதா என்று உன் அப்பாவுக்கு உள்ளூர வருத்தம். சொந்த அக்கா கடை, அதனால் வாயைத் திறக்கவில்லை. நீ சாப்பிடுகிறாயா? சித்திரைத் திருவிழாவுக்கு வந்தபோதே இளைத்திருந்தாய்.

அந்தக் கடையில் என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். ரெண்டு கிரைண்டர், ஒரு தராசு, ஒரு ஃபிரிட்ஜ். ஆனால் நீ பார்க்கத்தானே மாடியில் ரெண்டு போர்ஷன் எழும்பியது? ஊமச்சிகுளத்தில் இடம், மூத்தவளுக்குக் கல்யாணம், சின்னவளுக்கு நர்சிங் படிப்பு. மாமாவுக்குத் தறி நின்றுபோன பிறகு எல்லாமே இந்த மாவில் வந்ததுதான். எப்படி வந்தது என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. உட்கார்ந்த முதல் வாரமே அத்தை கணக்கு நோட்டைக் கையில் கொடுத்துவிட்டார்.

நானும் கணக்குப் போட்டேன். ஒரு கிலோ இட்லி அரிசி 42 ரூபாய், கால் கிலோ உளுந்து 32 ரூபாய். அரைத்தால் மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக மாவு வரும். கிலோ 45 என்று விற்றால் 126. வெந்தயம், உப்பு, கவர், கரண்ட் எல்லாம் பத்து, பன்னிரண்டு ரூபாய் என்று வைத்தாலும் ஒரு ஈடுக்கு நாற்பது ரூபாய் நிற்கிறது. நாளைக்கு அறுபது கிலோ ஓடுகிறது. அப்படியென்றால் எண்ணூறுக்கு மேல் லாபமா என்று கேட்டேன். அத்தை படுத்தபடியே சிரித்தார். "என் சம்பளத்தைக் கழித்தாயா?" என்றார்.

அவர் கடையில் அவருக்கே சம்பளம், தம்பி. இப்போது நாளைக்கு நானூறு. அதை மட்டும்தான் வீட்டுக்கு எடுத்துப் போகிறார், மிச்சம் கடையுடையது. அதிலிருந்துதான் பெல்ட் மாற்றுவது, கல் கொத்துவது, புளித்துப்போன மாவின் நட்டம் எல்லாம். அதையும் தாண்டி நிற்பது மாதக் கடைசியில் தபால் ஆபீஸ் ஆர்.டி.க்குப் போகும். கல்லாவில் நானூறு இருந்தாலும் நாலாயிரம் இருந்தாலும் எடுப்பது நானூறுதான். மாமா கல்லாவிலிருந்து டீக்கும் பீடிக்கும் எடுத்ததற்கு நோட்டில் தனிப் பக்கமே இருக்கிறது. பக்கத்தின் தலைப்பில் "இவர்" என்று போட்டு, எடுத்த தொகைக்குக் கீழே மாமா கையெழுத்து! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் அந்தப் பக்கம் 2009ஓடு நின்றுவிட்டது. எழுத வேண்டியிருந்ததாலேயே நிறுத்திவிட்டார் என்று நினைக்கிறேன்.

உன் ஒரு மாதச் சம்பளம் அந்தக் கடைக்கு ஐந்தாறு மாதம் ஆகும். இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் கேட்டால், பையன் பெங்களூரில் பெரிய கம்பெனி என்று மாவை நிறுத்துக்கொண்டே சொல்கிறேன். ஆனால் மாதக் கடைசியில் உன்னிடம் என்ன நிற்கிறது என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. உனக்குத் தெரியுமா? கார் தவணை, போன் தவணை, கிரெடிட் கார்டு எல்லாவற்றையும் ஒரே தாளில் என்றைக்காவது எழுதிப் பார்த்திருக்கிறாயா? எழுது தம்பி. எழுதினால் போதும்.

நீ வந்திருந்தபோது ஒன்று கவனித்தேன். அழகர் ஆற்றில் இறங்கிய கதையை அப்பா உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்பதே கால் ஆனதும் நீ போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாய். மூன்றரைக்குத்தான் இறங்கி வந்தாய். சாதம் ஆறிப்போயிருந்தது. மறுநாளும் அதே ஒன்பதே கால், அதே மூன்றரை. ஆபீஸ் வேலை என்று சொன்னாய். சரி.

பேப்பரில் வந்த ஒரு செய்தியை வெட்டி வைத்திருக்கிறேன், சும்மாதான் எழுதுகிறேன். ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்று பங்குச் சந்தையில் ஆடுகிறவர்களைப் பற்றி 2024 செப்டம்பரில், சந்தையைக் கண்காணிக்கிற செபி ஒரு ஆய்வு வெளியிட்டது. 2024 மார்ச்சோடு முடிந்த மூன்று நிதி ஆண்டுகளில் அதில் இறங்கிய தனி ஆட்களில் நூற்றுக்கு 93 பேருக்கு நட்டம். ஆளுக்குச் சராசரியாக 2 லட்சம், எல்லோருக்கும் சேர்த்து 1.8 லட்சம் கோடிக்கு மேல். இதை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "நூறு பேர் மாவு வாங்கிப் போய் 93 பேருக்கு இட்லி கல்லாக வந்தால், மறுநாள் என் கடைக்கு யாராவது வருவார்களா? அங்கே மட்டும் எப்படித் திரும்பத் திரும்பப் போகிறார்கள்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அத்தை எதற்கும் இப்படித்தான் கேட்பார். ஈமு கோழி நினைவிருக்கிறதா? 2012இல் அது கவிழ்வதற்கு முன்னால், கோழியை வளர்த்துக் கொடுத்தால் மாதா மாதம் பணம் என்று உன் அப்பாவே பாதி மனதாக இருந்தார். அத்தை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நம் தெருவில் யாராவது ஈமு கறி வாங்கிப் பார்த்திருக்கிறாயா?" அதோடு அந்தப் பேச்சு நின்றது.

அதற்காக அத்தை கடனே வாங்காதவர் இல்லை. முதல் டில்டிங் கிரைண்டர் தோட்டை அடகு வைத்து வாங்கியதுதான். கூட்டுறவு வங்கியில் வைத்தார், மாதம் ஒரு வட்டிகூட வராது. வைத்த அன்றே நோட்டில் எழுதி, மாமாவையும் மூத்தவளையும் உட்கார வைத்துக் காட்டினாராம். அவளுக்கு அப்போது பத்து வயசுதான் இருக்கும். சின்னப் பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம் என்று கேட்டேன். "தோடு எங்கேம்மா என்று அவள்தானே கேட்பாள்? பொய் சொல்ல ஆரம்பித்தால் எத்தனை பொய் சொல்வது?" என்றார்.

தண்டல்காரரை மட்டும் படியேற விடமாட்டார். போன வாரம் புது ஆள் என்று என்னிடமும் ஒருவர் வந்தார். பத்தாயிரம் என்று எழுதி 8,500 கையில் தருவார், நாளைக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். பத்தாயிரத்துக்கு 1,500தானே, பரவாயில்லையே என்று நினைத்தேன். அத்தை விரல் விட்டே கணக்குச் சொன்னார். மறுநாளிலிருந்தே திருப்பிக் கட்டுகிறோம், பாதி நாள் போனால் கையில் பாதிப் பணம்கூட இல்லை. சராசரியாக நாலாயிரத்துச் சொச்சத்துக்கு மூணே கால் மாதத்தில் 1,500 போகிறது. பத்து வட்டிக்கு மேலே! இப்போது போனிலேயே இப்படித் தருகிறார்களாமே, பிராசஸிங் என்று முன்னாலேயே பிடித்துக்கொண்டு, கெடுவும் ஏழு நாள், பதினைந்து நாள்தானாம். நீ படித்தவன், உனக்குத் தெரியாததா.

அப்புறம், ஒரு போன் வந்தது. அரைகுறைத் தமிழ். உன் பெயரைச் சொல்லி, நீங்கள் அவருக்கு என்ன உறவு என்று கேட்டான். ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன். மறுநாள் வேறு நம்பரிலிருந்து வந்தது. அப்பாவிடம் சொல்லவில்லை. கடன் தரும் ஆப் எதுவும் நம் போனில் இருக்கிற நம்பர்களைத் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022லேயே உத்தரவு போட்டிருக்கிறது. மீறி மிரட்டினால் சைபர் கிரைமுக்கு 1930இல் சொல்லலாம். பொதுவாகத்தான் சொல்கிறேன்.

உளுந்து பொங்கியதா என்று பார்க்க அத்தை ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் விடச் சொல்வார். மிதந்தால் வழிக்கலாம், முங்கினால் இன்னும் ஓட வேண்டும். நேற்று அவசரத்தில் பார்க்காமல் வழித்துவிட்டேன். இட்லி தட்டையாக வந்தது என்று காலையில் ரெண்டு வீட்டிலிருந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அத்தை திட்டவில்லை. ரெண்டு வீட்டுக்கும் அரைக் கிலோ சும்மா கொடுத்தனுப்பி, அதை நட்டம் என்று நோட்டில் எழுதச் சொன்னார். என் கையாலேயே எழுதினேன். அவர் கேட்டது அவ்வளவுதான்.

2020இல் ஊரடங்கின்போது ஓட்டல் எல்லாம் மூடி, மாவு ரெண்டு மடங்கு ஓடியதே, அப்போது மூன்றாவது கிரைண்டர் வாங்கு என்று ஊரே சொன்னது. அத்தை வாங்கவில்லை. இந்தக் கூட்டம் ஓட்டல் திறந்தால் போய்விடும் என்று, வந்த பணத்தை வீட்டுக் கடனில் கட்டி முடித்தார். அதேபோல 2016 நவம்பரில் ஐந்நூறு ரூபாய் நோட்டு செல்லாது என்று ஆனபோது, கடனே கொடுக்காத அத்தை தெரு முழுக்கக் கடன் கொடுத்தார். "இவர்களிடம் பணம் இருக்கிறது, சில்லறைதான் இல்லை" என்றாராம். ஒரு வீடு பாக்கியில்லாமல் திரும்ப வந்தது. இல்லாதவனுக்கும், இருந்தும் இப்போதைக்குக் கையில் இல்லாதவனுக்கும் வித்தியாசம் தெரிந்தவர். உனக்கு வேலை இருக்கிறது, சம்பளம் இருக்கிறது. நீ ரெண்டாவது ரகம் என்றுதான் நான் நம்புகிறேன்.

உன் பெயருக்கு நான் போட்டுவைத்த தபால் ஆபீஸ் டெபாசிட் இந்த ஆடியில் முதிர்கிறது. உன் கல்யாணத்துக்கு என்று வைத்திருந்தேன். தேவையென்றால் எடுக்கலாம். ஆனால் முழுக் கணக்கும் பார்க்காமல் எடுக்க மாட்டேன், சொல்லிவிட்டேன். யாருக்கு எவ்வளவு, எந்தத் தேதி, என்ன வட்டி என்று ஒரு தாளில் எழுதி போட்டோ எடுத்து அனுப்பு. பாதி மட்டும் எழுதாதே. சின்னத் தொகைதானே என்று எதையும் விடாதே. அந்த ஒன்பதே கால் மூன்றரைக்குள் சந்தையில் விட்டதையும் எழுது.

கடையைக் காலை பதினொரு மணிக்குச் சாத்துவேன், திரும்ப நாலு மணிக்குத் திறக்கணும். ரெண்டிலிருந்து மூன்றரை வரைக்கும் அப்பா தூங்குவார். அப்போது கூப்பிடு.

அன்புடன்,
அம்மா