பேச்சு எழுதியவருக்குப் பத்தி கொடுக்கும்போது

நியூயார்க் டைம்ஸ் கருத்துப் பக்கத்தின் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். வெள்ளை மாளிகையில் அதிபர்களுக்குப் பேச்சு எழுதியவர்களுக்குப் பத்தி, அதாவது தொடர்ந்து கருத்து எழுதும் இடம், கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. அதிகாரத்தை உள்ளே இருந்து பார்த்தவர் எழுதினால் வாசகருக்கு லாபம்தான். நான் கேட்பது வேறு. அதிபர் நிக்சனுக்குப் பேச்சு எழுதிவிட்டு, உங்கள் பக்கத்தில் 1973 முதல் 2005 ஜனவரி வரை எழுதிய வில்லியம் சஃபயரை வைத்தே கேட்கிறேன்.

அவர் கை எப்பேர்ப்பட்டது என்பதற்கு ஒரு தாள் போதும். 1969 ஜூலை 18. ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவில் இறங்க இன்னும் இரண்டு நாள். அவர்கள் அங்கிருந்து திரும்ப முடியாமல் போனால் அதிபர் நிக்சன் வாசிக்க வேண்டிய இரங்கல் உரையை சஃபயர் எழுதிவைத்தார். வாசிப்பதற்கு முன் அந்த இருவரின் மனைவியருக்கும் அதிபர் தொலைபேச வேண்டும் என்ற குறிப்பும் அதில் உண்டு. நல்லவேளை, தேவைப்படவில்லை. இன்றைக்குப் படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அதே கைதான் அடுத்த ஆண்டு, எதிர்ப்பாளர்களைச் சாட, துணை அதிபர் ஆக்னியூவுக்கு ‘நேட்டரிங் நேபாப்ஸ் ஆஃப் நெகட்டிவிசம்’ (எதிலும் குறை கண்டு புலம்பும் நவாபுகள்) என்று மோனை கட்டிக் கொடுத்தது.

பேச்சு எழுதினால் அது சொல்பவர் வாய்க்குப் பொருந்த வேண்டும், கேட்பவருக்குச் சந்தேகமே வரக்கூடாது. அந்தத் தொழில் அப்படி. பத்தி எழுத உட்கார்ந்ததும் அந்தப் பழக்கம் கையை விட்டுப் போய்விடாது.

சஃபயர் நன்றாகவும் எழுதினார். தான் வேலை பார்த்த நிக்சன் ஆட்சியே தன் தொலைபேசியை ஒட்டுக்கேட்டது என்று 1973இல் தெரிந்தபோது கொதித்தார். 2002இல், தான் ஆதரித்த கட்சியே ஆட்சியில் இருந்தும், குடிமக்களின் விவரங்களையெல்லாம் திரட்ட அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகன் போட்ட திட்டத்தைக் கடுமையாக எதிர்த்தார். அதிபர் கார்ட்டரின் நெருங்கிய அதிகாரி பெர்ட் லான்ஸ் பற்றிய பத்திகளுக்காக 1978இல் பத்திரிகையாளர்களுக்கான புலிட்சர் பரிசும் வாங்கினார்.

ஆனால் 2001 நவம்பரில், செப்டம்பர் 11 தாக்குதலை நடத்தியவர்களில் ஒருவரான முகமது அட்டா செக் தலைநகர் பிராகில் இராக்கின் உளவு அதிகாரியைச் சந்தித்ததை, மறுக்க முடியாத உண்மை என்றே எழுதினார். தாக்குதலுக்கும் இராக்குக்கும் தொடர்பு உண்டு என்பதே அதன் பொருள். பிறகும் அதை விடவில்லை. 2003இல் இராக் போர் வந்தது. கிடைத்த சான்றுகள் அந்தச் சந்திப்பு நடந்ததாகக் காட்டவில்லை என்று 2004இல், செப்டம்பர் 11 தாக்குதலை விசாரித்த ஆணையம் சொன்னது. போருக்குப் பல காரணங்கள் உண்டு, எல்லாவற்றையும் ஒரு பத்தியாளர் தலையில் கட்ட மாட்டேன். ஆனாலும் அந்த வரி உங்கள் தாளில் அச்சானது. வாசகர்கள் அதை நம்பினார்கள்.

அதனால் மூன்றே வேண்டுகோள். இப்படி வருபவரின் ஒவ்வொரு பத்திக்கும் அடியில், அவர் யாருக்காக, எந்த ஆண்டுகளில் பேச்சு எழுதினார் என்று ஒரு வரி போடுங்கள். அப்புறம், ‘இது உண்மை’ என்று அவர் எழுதும் இடத்தில், செய்தியாளரிடம் கேட்பதுபோலவே ஆதாரம் கேளுங்கள். பின்னால் அது தவறு என்று தெரிந்தால், அதே இடத்தில், அதே அளவு எழுத்தில், அவரையே திருத்தி எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்