உரக்கடைச் செலவும் கூலிச் செலவும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இயற்கை விவசாயத்துக்கு மாறினால் சாகுபடிச் செலவு பாதியாகிவிடும் என்று தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நானும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டிய பிசானப் பருவத்தில் இயற்கை முறையில்தான் நெல் போடுகிறேன். அதை விடுகிற எண்ணம் இல்லை. ஆனால் அந்தக் கட்டுரையின் கணக்கு எங்கள் வயலில் செல்லுபடியாகாது.

45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. டிஏபி உரம் மூட்டை 1,350 ரூபாய். ஏக்கருக்கு இரண்டு மூட்டை யூரியாவும் ஒரு மூட்டை டிஏபியும் போடுகிறவர் அடியோடு நிறுத்தினால் மிச்சமாவது 1,883 ரூபாய். மாறிய புதிதில் மகசூல் குறையும். ஏக்கருக்கு ஐந்தே மூட்டை, அதாவது இரண்டு குவிண்டால் குறைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025-26 பருவத்தில் சாதாரண ரகத்துக்கு அரசு குவிண்டாலுக்குத் தரும் 2,500 ரூபாய் விலையில் நட்டம் 5,000 ரூபாய். பாதிச் செலவு எங்கே மிச்சமானது?

சரி, யூரியாவுக்குப் பதில் எரு. ஒரு மூட்டை யூரியாவில் சுமார் 20 கிலோ தழைச்சத்து இருக்கிறது. அதே அளவு தழைச்சத்துக்குத் தொழுவுரம் நான்கு டன் வேண்டும். மண்ணுக்கு அதனால் வரும் நன்மை வேறு. யூரியா அதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. ஆனால் நான்கு டன்னை யாராவது சுமக்க வேண்டும். கால்வாய்ப் பாசனத்தில் பாதி வயல்களுக்கு வண்டிப்பாதை கிடையாது. டிராக்டர் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து வரப்பு வரப்பாகக் கூடையில் தலைச்சுமைதான். களையெடுப்பும் அப்படித்தான். களைக்கொல்லி என்றால் ஒருவர் ஒரு காலைப்பொழுதில் அடித்து முடித்துவிடுவார். கைக்களை என்றால் பெண்கள் வரிசையாக இறங்க வேண்டும், அதுவும் இரண்டு முறை. ஜீவாமிர்தத்தைச் செலவில்லாத உரம் என்கிறார்கள். 200 லிட்டர் பீப்பாய்க்குச் சாணமும் கோமியமும் போக வெல்லம் 2 கிலோ, பயறு மாவு 2 கிலோ. மாட்டுக்குத் தீவனம்? அறுவடை இயந்திரம் வந்தபிறகு வைக்கோலைக் கட்டாக உருட்டுவதற்கே தனிக் காசு.

ஆக, உரக்கடைக்குப் போன பணம் கூலியாக ஊருக்குள்ளேயே இறங்குகிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் அந்தக் கூலியை விவசாயி தன் மடியிலிருந்து தருகிறான். யூரியாவின் உண்மை அடக்க விலையில் பெரும்பகுதியை ஒன்றிய அரசே உர நிறுவனங்களுக்குத் தந்துவிடுகிறது; மானியம் மூட்டையோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. மூட்டை வாங்காதவன் குழுவில் சேர்ந்து பதிவு செய்து, திட்டத்தில் இடம் கிடைத்தால் ஏதோ ஊக்கத்தொகை பார்க்கலாம்.

விற்பனையிலாவது ஈடுகட்ட முடியுமா? அங்ககச் சான்று, அதாவது இயற்கை முறையில் விளைந்தது என்ற சான்று, பெற இரண்டு ஆண்டு மாற்றக் காலம் உண்டு. அதுவரை இது வெறும் நெல். சான்று வந்தபிறகும் அரசின் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் அம்பை 16 ரக நெல் வெறும் அம்பை 16தான். மருந்தடித்த நெல்லோடு ஒரே குவியல், ஒரே விலை. பாரம்பரிய ரகத்துக்கு நல்ல விலை கிடைப்பது உண்மை. ஆனால் மாப்பிள்ளைச் சம்பா 160 நாள் பயிர். மழையில் சாயாமல் நின்றால் பிசானத்துக்குச் சரி, குறுகிய கார் பருவத்துக்கு ஆகாது. விளைந்த பத்து மூட்டையைத் தனியாக அவித்து அரைத்துத் தர ஆலைக்காரர் சம்மதிக்க வேண்டும். பெரிய ஆலைகள் முகம் கொடுப்பதில்லை.

கட்டுரையாளர் குத்தகைதாரரை நினைத்தே பார்க்கவில்லை. தாமிரபரணிக் கரையில் கோவில் நிலமும் மடத்து நிலமும் உழுகிறவர்கள் எத்தனையோ பேர். மகசூல் குறைந்தாலும் குத்தகை நெல் குறையாது. மண் தேறும் என்று இரண்டு மூன்று ஆண்டு பொறுத்திருப்பது சொந்த நிலக்காரனுக்கு முதலீடு, குத்தகைக்காரனுக்குக் கடன். நிலம் அடுத்த ஆண்டு கையில் இருக்குமா என்பதே தெரியாதவன் யாருக்காக மண்ணைத் தேற்றுவான்?

2023ல் தமிழ்நாடு அரசு அங்கக வேளாண்மைக் கொள்கை வெளியிட்டது. அதன் பேரில் மாற்றக் காலத்துக்கு ஏக்கர் கணக்கில் பணமும், கொள்முதல் நிலையத்தில் தனி எடையும் தனி விலையும், கோவில் நிலத்தில் இயற்கை முறைக்கு மாறுகிறவர்களுக்கு அந்த ஆண்டுகளில் குத்தகைக் குறைப்பும் தர வேண்டும். தாங்களும் அடுத்த முறை இப்படி வரவு செலவு அட்டவணை வெளியிடும்போது குத்தகை, மாட்டுத் தீவனம், வீட்டு ஆட்களின் உழைப்பு ஆகிய மூன்றையும் தனித்தனி வரியில் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கன்னடியன் கால்வாய்ப் பாசன விவசாயி,
சேரன்மகாதேவி வட்டம்.