நிறுத்தச் சொன்ன ஜோன் யங்கையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு சந்திரனில் நடந்தவர்களைப் பற்றி நீங்கள் போட்ட பக்கத்தை மகன் உரத்து வாசிக்க, நான் அடுப்படியில் நின்று கேட்டேன். அமெரிக்க விண்வெளி வீரர் ஜோன் யங்குக்கு நாலே நாலு வரி. 1972 ஏப்ரலில் அப்பலோ 16 இல் போய் சந்திரனில் நடந்தார், 1981 ஏப்ரல் 12 இல் முதல் விண்ணோடத்தைக் கொண்டு போனார், முடிந்தது. அந்த மனிதரின் வாழ்க்கையில் எனக்குப் பெரிதாகப் படுவதே அதற்குப் பிறகு நடந்ததுதான். அதை விட்டுவிட்டீர்களே என்ற ஆதங்கத்தில் எழுதுகிறேன்.

அவர் போர்க்காலத்தைக் கண்ட ஆள். கொரியப் போர் நடந்தபோது அமெரிக்கக் கடற்படையின் நாசகாரிக் கப்பல் ஒன்றில், பீரங்கிகளை இலக்குக்குத் திருப்பும் பொறுப்பில் 1953 வரை இருந்தவர். பிறகு விமானி, 1962 இல் நாசா, ஆறு தடவை விண்வெளி. 1986 ஜனவரி 28 இல் சலஞ்சர் விண்ணோடம் கிளம்பி 73 செக்கனில் ஏழு பேரோடு சிதறியது. காரணம் பக்கத்து ரொக்கெட்டின் மூட்டில் குளிரில் விறைத்துப்போன ஒரு இறப்பர் வளையம். அந்த ரொக்கெட்டைச் செய்த கம்பனியின் பொறியியலாளர்கள் முதல் நாள் இரவே வேண்டாம் என்று மன்றாடியிருக்கிறார்கள், கேட்கவில்லை. அப்போது விண்வெளி வீரர்களுக்கெல்லாம் தலைவர் யங். பேசாமல் இருந்திருக்கலாம். அவரோ பாதுகாப்பில் இருந்த ஓட்டைகளை எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். திருத்த வேண்டியதைத் திருத்துவதற்காகப் பறப்பை நிறுத்தத் துணியாத நிர்வாகமும் தப்பாது, ஓடங்களும் தப்பாது, போகிறவர்களும் தப்பமாட்டார்கள் என்ற கருத்தில் எழுதினார். அது வெளியே வந்து பெரிய பிரச்சினையாகி, 1987 இல் தலைவர் பொறுப்பிலிருந்து மாற்றிப் பொறியியலுக்கும் பாதுகாப்புக்குமான விசேட உதவியாளர் என்று ஒரு கதிரையில் இருத்தினார்கள். ஒதுக்கிவிட்டார்கள் என்றுதான் பலர் கதைத்தார்கள். அதற்குப் பிறகு அவர் விண்வெளிக்குப் போகவே இல்லை. ஆனாலும் 2004 முடியும்வரை நாசாவிலேயே இருந்து, கண்ணில் பட்ட ஆபத்தையெல்லாம் எழுதிக்கொண்டே இருந்தார்.

இது எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்றால், நான் மாங்குளம் பக்கம் ஆறு வருடம் மிதிவெடி அகற்றும் வேலை செய்தவள். ஒருநாள் மத்தியானம், முகக்கவசத்துக்குள் வேர்வை வழிந்து கண் எரிய, முழங்காலில் இருந்தபடியே இரண்டு விரலால் அதைக் கொஞ்சம் தூக்கித் துடைத்தேன். உடனே விசில். முழு அணியும் வேலையை விட்டுப் பின்னுக்குப் போகவேண்டி வந்தது. எங்கள் மேற்பார்வையாளர் அண்ணை ஏசவில்லை. "பிள்ளை, துடைக்க வேணுமெண்டால் வெளியில வந்து துடை" என்றார், அவ்வளவுதான். திரும்பப் போய் நான் விட்ட இடத்தில் மண்ணைச் சுரண்டினால், எல்லை காட்டும் சிவப்புத் தடிக்கு ஒரு முழம் இந்தப் பக்கம், பச்சை மூடியோடு ஒரு மிதிவெடி இருந்தது. அன்றைக்குத் துப்புரவாக்கிய சதுர மீற்றர் குறைந்துவிட்டது என்று பின்னேரம் வாகனத்தில் எல்லோரும் அவரைத்தான் திட்டினார்கள், நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அதை நினைக்க இப்பவும் வெட்கமாக இருக்கிறது. அந்த ஆறு வருடத்தில் எங்கள் அணியில் ஒருவருக்கும் கால் போகவில்லை. அவர் வேலையை விட்டுப் போன நாளில் ஒரு பிளேன்ரீயோடு அனுப்பி வைத்தோம், ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை.

சரி, இப்போது நான் கேட்பது இதுதான். மகன் உயர்தரத்தில் கணிதம் படிக்கிறான், ரொக்கெட் என்றால் சோறு வேண்டாம். 1987 இலிருந்து 2004 வரை யங் நாசாவில் இருந்து என்ன செய்தார் என்று ஒரு முழுப்பக்கம் போடுங்கள். சந்திரனில் அவர் துள்ளிக் குதிக்கிற படத்தை இந்த முறை விட்டுவிட்டு, அவர் மேசையில் இருந்து வேலை செய்கிற படம் ஏதாவது கிடைத்தால் போடுங்கள். வெட்டி எங்கள் பழைய அணியில் இருந்தவர்களுக்கும் கொடுக்கவேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மாங்குளம்.