அப்பாருவின் (தாத்தாவின்) இரத்தக் குறைவு பற்றி

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பாருவுக்கு மெல்போர்னிலிருந்து இரும்புச்சத்து மாத்திரை அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். ஹீமோகுளோபின் 7-க்கு இறங்கியிருந்தது, இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் 1,50,000-க்கு மேல் இருக்க வேண்டியது 62,000 இருந்தது, வெள்ளணுக்களும் குறைவு. மூன்றும் ஒருசேரக் குறைந்தால் அவை உருவாகும் எலும்பு மஜ்ஜையைப் பார்த்துவிட வேண்டும் என்று சொன்ன கோயம்புத்தூர் மருத்துவர், பி12, ஃபோலேட் சத்துகள் சரியாக இருப்பதை முதலில் உறுதி செய்துகொண்டார்.

பிறகு இடுப்பெலும்பின் பின்புறம் மரத்துப்போக ஊசி போட்டு, மஜ்ஜையைச் சிறிது உறிஞ்சி எடுத்து, அங்கிருந்தே மெல்லிய எலும்புத் துண்டு ஒன்றையும் எடுத்தார்கள். ஊசி இறங்கியபோது அசையாத அப்பாரு, உறிஞ்சியபோது மட்டும் கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

வந்திருப்பது மயலோடிஸ்பிளாஸ்டிக் சிண்ட்ரோம் என்ற மஜ்ஜை நோய். இதேபோல் மூன்று அணுக்களும் குறையும் இன்னொரு நோயான ஏபிளாஸ்டிக் அனீமியாவில் மஜ்ஜை வெறுமையாகிக் கொழுப்பு நிறைந்துவிடும். இவருக்கோ மஜ்ஜையில் அணுக்கள் நிறைய இருக்கின்றன. திருப்பூரில் இரவு பகலாகத் தைத்தும் செக்கிங் மேசையில் முக்கால்வாசி கழிந்துபோகும் ஆர்டரைப் போல, உருக்குலைந்து உருவாகும் அணுக்களில் பெரும்பாலானவை இரத்தத்தை எட்டும் முன்னே மஜ்ஜையிலேயே மடிந்துவிடுகின்றன. மூல அணுக்களின் மரபணுவில் வயதாக ஆகச் சேரும் பிழைகளே பெரும்பாலும் காரணம். இந்த வயதில் வருவது பரம்பரை நோயாக இருப்பது அரிது, ஆகவே நீ உனக்காகக் கவலைப்படாதே.

இரும்பு ஏன் கூடாது என்றால், ஏற்றும் ஒவ்வொரு பை இரத்தத்திலும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மிகுதியை வெளியேற்றும் வழி உடலுக்கு இல்லாததால் அது கல்லீரலிலும் இதயத்திலும் படியும். அதனால்தான் உடலில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவை அவ்வப்போது பார்க்கிறார்கள். நலம் விசாரிக்க வருகிறவர்கள் முருங்கைக்கீரையும் மாதுளையும் கொண்டுவருகிறார்கள். சாப்பிடட்டும், நோய் தீரும் என்று மட்டும் யாரும் வாக்குக் கொடுக்க வேண்டாம்.

முழுதும் குணமாக்கக்கூடியது மஜ்ஜை மாற்று சிகிச்சை ஒன்றுதான். ஆனால் 76 வயதில், பலவீனமான இதயத்தோடு, அதைத் தாங்குவது கடினம் என்பது மருத்துவரின் கருத்து, என்னுடையதும் அதுவே. நீ மஜ்ஜை தர முன்வந்ததை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் விமானச் செலவைத்தான் கணக்குப் பார்ப்பார். மஜ்ஜையில் முதிராத பிளாஸ்ட் அணுக்கள் 20 சதவீதத்தை எட்டினால் அது இரத்தப் புற்றுநோய். இவருக்கு 2 சதவீதம்கூட இல்லை. ஆகவே இப்போதைக்குச் சிவப்பணுக்களைத் தூண்டும் எரித்ரோபொய்ட்டின் ஊசியைத் தோலுக்கடியில் வாரந்தோறும் போடுகிறார்கள். தேவைப்பட்டால் இரத்தம் ஏற்றுவார்கள்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும், ஆஸ்பிரின் கூடாது, இரத்தம் கட்டிக்கொள்ளும் என்பதால் தசையில் ஊசியும் கூடாது. மூட்டு வலி வந்தால் கடைவீதிக்குப் போய் ஓர் ஊசி போட்டுக்கொண்டு வரும் பழக்கத்தை விடச் சொல்லித்தான் இப்போது அவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். நீயும் தொலைபேசியில் சொல். பேத்தி சொன்னால் கேட்பார்.

அன்புடன்,
அப்பா