தூக்கிக்கொண்டு போனவன் எழுதுவது

பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய கட்டுரையைப் படித்தோம். அம்மா மூன்று தடவை படித்தாள். மூன்றாவது தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். நான் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

"ஆறு வருடம் என் அப்பா என்னை முதுகில் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார்" என்று ஆரம்பித்திருக்கிறாய். அதைப் படித்தவர்கள் எனக்குப் போன் போட்டுப் பாராட்டுகிறார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நீ எழுதியதில் பொய் இல்லை, ஆனால் பாதியில் நிறுத்திவிட்டாய். அப்பாவுக்கு வலிக்கக்கூடாது என்று நினைத்திருப்பாய். மீதியை நான் எழுதுகிறேன், அடுத்த முறை பேசும்போது சேர்த்துக்கொள்.

உனக்கு ஒன்றரை வயதில் பெருமூளை வாதம் என்றார்கள். டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். மூளையில் ஏற்பட்ட சேதம் இனி அதிகமாகாது, ஆனால் வளர வளர எலும்பு நீளும் வேகத்துக்குத் தசை ஈடுகொடுக்காது, அதனால் கால்கள் இறுகிக்கொண்டே வரலாம் என்றார். இத்தனையும் கேட்டுவிட்டு நான் கேட்ட ஒரே கேள்வி, "எப்போ டாக்டர் நடப்பா?" அடுத்த பத்து வருடம் அந்த ஒரு கேள்வியோடுதான் உன்னைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உன் பாதத்தை உள்ளங்கையில் வைத்து, முழங்காலை அழுத்திப் பிடித்து, மெதுவாக மேலே தள்ளி முப்பது வரை எண்ணுவேன். பத்தொன்பதிலிருந்து மறுபடி பதினைந்துக்குப் போய்விடுகிறேன் என்று நீ சண்டைக்கு வருவாய். உண்மைதான், வேண்டுமென்றேதான் செய்தேன். அந்த நாலைந்து எண்ணில் உன் கால் நேராகிவிடும் என்று ஒரு நப்பாசை.

பள்ளிக்கூடத்தில் உன் வகுப்பு எப்போதும் மாடியில்தான். வகுப்பு வருடா வருடம் மாறும், மாடி மாறாது. இருபத்திரண்டு படி. காலையில் தூக்கிக்கொண்டு ஏறிப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, சாயங்காலம் வந்து இறக்குவேன். முதல் வருடம் நீ ஒரு பூனைக்குட்டி கனம். ஆறாவது வருடம் முப்பத்தொரு கிலோ, பத்தாவது படியில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்குவேன். டீச்சர்கள் பார்த்து உருகுவார்கள். "உங்களைப் போல அப்பா கிடைக்கணுமே" என்பார்கள். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது, மறைப்பானேன்.

நீ கட்டுரையில் எழுதாத ஒன்று, அந்தத் தண்ணீர் பாட்டில்.

காலையில் நிரப்பிக் கொடுத்த பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வரும். "தாகம் எடுக்கல" என்பாய். சரி, குழந்தைதானே என்று விட்டுவிட்டோம். பதினோரு வயதில் காய்ச்சல், அடிவயிற்று வலி, சிறுநீர்த் தொற்று. டாக்டர் என்னைப் பார்த்து, "தண்ணி குடிக்கிறாளா?" என்றார். "அதெல்லாம் நல்லா குடிப்பா" என்றேன். படுக்கையிலிருந்து நீ, "என்னைக் கேளுங்க டாக்டர், நான் இங்கதானே இருக்கேன்" என்றாய்.

அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. கழிவறை கீழே இருந்தது. அதற்குப் போக வேண்டுமானால் யாராவது உன்னைத் தூக்க வேண்டும். கீழே போனாலும் அந்தக் கதவுக்குள் உன் வாக்கர் நுழையாது. அதனால் காலை ஏழரை மணியிலிருந்து நாலு மணி வரை ஒரு மடக்கு தண்ணீர் குடிக்காமல் இருக்க நீயே பழகிக்கொண்டிருக்கிறாய். யாரும் சொல்லித் தரவில்லை. எட்டு வயதிலிருந்தே அப்படித்தானாம். நான் தினமும் இருபத்திரண்டு படி ஏறியவன், ஒருநாளும் அந்தக் கழிவறைக் கதவைப் போய்ப் பார்த்ததில்லை.

அதற்கடுத்த வருடம் ஒரு திங்கட்கிழமை. படிக்கட்டுக்குக் கீழே வழக்கம்போலக் குனிந்தேன். நீ முதுகில் ஏறவில்லை. முதல் படியில் உட்கார்ந்துகொண்டாய்.

"இன்னிக்குத் தூக்க வேண்டாம்ப்பா. நீங்க தூக்கிட்டே இருந்தா அவங்க கிளாஸைக் கீழே கொண்டு வரவே மாட்டாங்க."

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. வேலைக்கு நேரமாகிறது, பெற்றவர்கள் பிள்ளைகள் எல்லாரும் பார்க்கிறார்கள். "அடம் பிடிக்காதே, ஏறு" என்றேன். நீ அசையவில்லை. இரண்டு பீரியட் அங்கேயே உட்கார்ந்திருந்தாய். தலைமையாசிரியர் இறங்கி வந்து, உன் தலைக்கு மேலாக என்னிடம் "பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ பதில் சொன்னாய். நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாளில் எழுதி வைத்திருந்த மனுவையும் நீட்டினாய். கழிவறைக் கதவின் அகலம், வாக்கரின் அகலம், இரண்டையும் அளந்து எழுதியிருந்தாய்.

அந்த வாரக் கடைசியில் வகுப்பைக் கீழே மாற்றினார்கள். பெரிய வகுப்புப் பையன்கள் மேலேயிருந்த பெஞ்சுகளைக் கீழே இறக்கி, கீழேயிருந்ததை மேலே ஏற்றினார்கள். மதிய இடைவேளையில் வேலை முடிந்துவிட்டது. மணி அடிக்க இன்னும் பத்து நிமிடம் பாக்கி இருந்தது. இவ்வளவுதான் வேலையென்றால் ஆறு வருடம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? அவர்களுக்குப் படிக்கட்டு ஒரு பிரச்சினையாகவே தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவு மாறத்தான் எட்டு மாதம் ஆனது. அந்தக் கதையை நீயே நன்றாக எழுதியிருக்கிறாய்.

பதின்மூன்றில் சக்கர நாற்காலி வேண்டும் என்றாய். அதற்கும் நான்தான் குறுக்கே நின்றேன். அதில் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் எழுந்திருக்க மாட்டாய் என்று பயம். தோற்றுவிட்டோம் என்று இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. உன்னைப் போன்ற பிள்ளைகளுக்கு நடப்பதற்கு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு சக்தி செலவாகும் என்று பிசியோதெரபி அம்மா விளக்கிய பிறகுதான், நீ வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தின் மேலேயே தூங்கிவிடுவது ஏன் என்று புரிந்தது. நாற்காலி வந்த முதல் வாரம் சாயங்காலம் எட்டு மணிக்கு உன் குரல் வீடு முழுக்கக் கேட்டது. அதுவரை அந்த நேரத்தில் நீ விழித்திருந்து நாங்கள் பார்த்ததில்லை.

பள்ளிக்கூட வாசலில் மூன்று படி. நாற்காலி வந்ததும் ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டு ராம்ப் என்றார்கள். நாலடிப் பலகை, சறுக்குமரம் மாதிரி. நீ டேப்பை எடுத்துக்கொண்டு போனாய். படி ஒவ்வொன்றும் ஆறு அங்குலம், மொத்தம் ஒன்றரை அடி உயரம். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு, ஆக பதினெட்டு அடி. "சார், பதினாலு அடி குறையுது" என்று நீ சொன்னபோது தலைமையாசிரியர் சிரித்தார். நீ சிரிக்கவில்லை.

போன தடவை வந்தபோது உன் மடிக்கணினியில் ஒரு படம் காட்டினாய். 1990 மார்ச் 12, வாஷிங்டன். ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் நாடாளுமன்றத்தில் இழுத்துக்கொண்டே போனதால், அறுபது பேர் போல நாற்காலியையும் ஊன்றுகோலையும் கீழேயே விட்டுவிட்டு நாடாளுமன்றப் படிகளில் கையாலும் முழங்காலாலும் ஊர்ந்து ஏறினார்கள். அதில் எட்டு வயதுக் குழந்தை ஒன்று, ஜெனிஃபர் கீலன், உன்னைப் போலவே பெருமூளை வாதம். ஜூலை 26 அன்று சட்டம் கையெழுத்தானது. நீ சட்டத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாய், நான் அந்தக் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே நான் இருந்திருந்தால் ஓடிப்போய்த் தூக்கியிருப்பேன் பாப்பா. சந்தேகமே இல்லை. தூக்கியிருந்தால் அந்தப் படமே கிடையாது.

அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகள் உரிமைக்குப் போராடிய ஜூடித் ஹியூமன் கதையும் நீ சொன்னதுதான். போலியோ வந்து சக்கர நாற்காலியில் இருந்த குழந்தையை, தீ விபத்து என்றால் ஆபத்து என்று சொல்லிப் பள்ளியில் சேர்க்க மறுத்தார்கள். வளர்ந்து ஆசிரியை ஆகப் போனால் அதே காரணம் சொல்லி உரிமம் தர மறுத்தார்கள். 1970இல் வழக்குப் போட்டு வேலைக்குப் போனார். 1977இல் சான் பிரான்சிஸ்கோ அரசு அலுவலகத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு மூன்று வாரத்துக்கு மேல் உட்கார்ந்து, மாற்றுத்திறனாளிகளிடம் பாகுபாடு காட்டக்கூடாது என்று எழுதி வைத்துத் தூங்கிக்கொண்டிருந்த விதிகளில் அரசைக் கையெழுத்திட வைத்தார். உட்கார்ந்தே ஜெயித்தவர் என்றாய். எனக்கு உன் முதல் படி ஞாபகம் வந்தது. சொன்னால் பெருமை அடிக்கிறேன் என்பாய், அதனால் அப்போது சொல்லவில்லை.

2006 டிசம்பரில் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 7ஆம் பிரிவை நீ தமிழில் எழுதி எனக்கு அனுப்பினாயே, அதைப் பர்ஸில் வைத்திருக்கிறேன். மாற்றுத்திறன் உள்ள குழந்தைக்குத் தன்னைப் பற்றிய எல்லா விஷயத்திலும் தன் கருத்தைச் சொல்ல உரிமை உண்டு என்கிறது. இப்போது உனக்குப் போன் போடும் பெற்றோர்கள் முதலில் "என் பிள்ளை எப்போ நடக்கும்?" என்றுதான் கேட்பார்கள். அவர்களைக் கோபித்துக்கொள்ளாதே. ஆனால் "போனைக் கொஞ்சம் பிள்ளைகிட்ட கொடுங்க" என்று நீ சொல்வதாக அம்மா சொன்னாள். அது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

ஒரு வருத்தம் மட்டும் உண்டு. உன்னைப் பார்த்தால் தன்னம்பிக்கை வருகிறது என்று மேடையில் சொல்பவர்களைச் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, ராத்திரி போனில் எங்களிடம் எரிந்து விழுகிறாய். விழு, பரவாயில்லை. படிக்கட்டைப் பார்த்து எவ்வளவு சிரித்தாலும் அது ராம்ப்பாக மாறியதில்லை என்று ஆஸ்திரேலியாவில் மாற்றுத்திறனாளிகள் உரிமைக்குக் குரல் கொடுத்த ஸ்டெல்லா யங் 2014இல் பேசியதை நீதானே காட்டினாய்? களைப்பாக இருந்தால் ஒரு கூட்டத்துக்குப் போகாதே. தோள்வலி வேறு இருக்கிறது உனக்கு, கையால் சக்கரம் தள்ளுபவர்களுக்கு வருவதுதான் என்கிறாய், அதற்காகப் பார்க்காமல் விடலாமா?

இன்னொரு விஷயம். கட்டுரையைப் படித்த அன்று சாயங்காலம் நம் வீட்டு வாசலில் போய் நின்றேன். இரண்டு படி. நீ வரும்போதெல்லாம் நாற்காலியைச் சாய்த்து நான்தான் ஏற்றுகிறேன். ஊரிலுள்ள படியையெல்லாம் அளந்தவள் இந்தப் படியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பழைய டேப்பை எடுத்து அளந்தேன், மொத்தம் பதினாலு அங்குலம். அப்படியானால் பதினாலு அடி வேண்டும். வாசலில் நேராகப் போனால் பதினோரு அடிதான் இருக்கிறது, நடுவில் ஒரு திருப்பம் வைத்துத்தான் ஆக வேண்டும். திருப்பத்தில் நாற்காலி சுற்ற ஐந்துக்கு ஐந்து அடி சமதளம் வேண்டும் என்று நீ யாருக்கோ போனில் சொன்னதாக ஞாபகம். மேஸ்திரி மூன்றடி தாராளம் என்கிறார்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறார். அப்போது கூப்பிடு, நான் போனை அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். நீயே பேசிக்கொள்.

அப்பா