விலைக் குறைப்பும் முந்தி வாங்கியவர்களுக்கான ஈடும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்னணுப் பொருட்களின் விலை அடிக்கடி மாறுவதைப் பற்றித் தங்கள் நாளிதழில் சில நாட்களுக்கு முன் ஒரு வாசகர் எழுதியிருந்தார். புதிய பொருளை முந்திக்கொண்டு வாங்குகிறவர் தம் அவசரத்துக்கு விலை கொடுக்கிறார் என்றும், பிற்பாடு விலை இறங்கினால் அதற்காக யாரையும் நொந்துகொள்வதில் நியாயமில்லை என்றும், பொறுத்தார் பூமியாள்வார் என்ற பழமொழியைத் துணைக்கு வைத்துக்கொண்டு அவர் வாதிட்டிருந்தார். பொறுமையின் சிறப்பில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால், ஒரு பொருள் கடைக்கு வந்து ஆறு மாதம்கூட நிறையாத நிலையில் அதன் விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை வெட்டும்போது, விற்றவர் முதலில் வாங்கியவருக்குக் கடன்பட்டிருக்கிறார் என்பது என் உறுதியான எண்ணம். அந்தக் கடனை ஒரு பெரிய நிறுவனம் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு தீர்க்க முயன்ற நிகழ்வு ஒன்று உண்டு. அதில் எது சரியாக நடந்தது, எது தவறிப்போனது என்பதைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம், கண்ணாடி அணியாமலே முப்பரிமாணக் காட்சியைக் காட்டக்கூடிய 3டிஎஸ் என்னும் கையடக்க கேம் கருவியை 2011 பிப்ரவரி 26 அன்று ஜப்பானில் 25,000 யென் விலைக்கும், மார்ச் 27 அன்று அமெரிக்காவில் 249.99 டாலர் விலைக்கும் வெளியிட்டது. மார்ச் மாதம் முடிவதற்குள் 36 லட்சத்து 10 ஆயிரம் கருவிகள் விற்பனைக் கணக்கில் ஏறின. அதன்பின் விற்பனை படுத்துவிட்டது. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதங்களில் உலகம் முழுவதற்கும் சேர்த்து விற்றவை 7 லட்சத்து 10 ஆயிரம் மட்டுமே. ஜூலை 28 அன்று நிறுவனம் விலைக் குறைப்பை அறிவித்தது. ஆகஸ்ட் 11 முதல் ஜப்பானில் 15,000 யென், ஆகஸ்ட் 12 முதல் அமெரிக்காவில் 169.99 டாலர் என்று விலை இறங்கியது. வெளியான அன்றே கடைக்குப் போன ஜப்பானியர் ஐந்தரை மாதத்தில் 10,000 யென்னையும், அமெரிக்கர் நாலரை மாதத்தில் 80 டாலரையும் கூடுதலாகக் கொடுத்தவராக ஆனார்கள்.

இந்தக் கூடுதல் தொகையை அவசரத்துக்கான கூலி என்று சொல்லிவிட முடியுமா? அவசரப்பட்டு வாங்கியவருக்கு மற்றவர்களைவிட முன்னதாக ஒரு முழுமையான பொருள் கிடைத்திருந்தால் அப்படிச் சொல்லலாம். 3டிஎஸ் வெளியானபோது ஈஷாப் என்ற அதன் இணையக் கடையே திறக்கப்பட்டிருக்கவில்லை. மென்பொருள் புதுப்பித்தல் வழியாக ஜூன் மாதத்தில்தான் அது வந்தது. பெயர் சொல்லும்படியான கேம்களும் பின்னால்தான் வந்தன. செல்டா வரிசையின் புகழ்பெற்ற பழைய ஆட்டம் ஒன்றின் முப்பரிமாண வடிவம் ஜூனில் வந்தது. சூப்பர் மாரியோ 3டி லேண்ட் நவம்பரிலும், மாரியோ கார்ட் 7 டிசம்பரிலும் வந்தன. ஆகவே, மிகக் குறைந்த வசதி இருந்த காலத்தில் மிக அதிக விலையைக் கொடுத்தவர்கள் இந்த முதல் வாங்குநர்கள்தாம். டிசம்பரில் வாங்கியவர் குறைந்த விலைக்கு நிறைந்த கருவியைப் பெற்றார்.

இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரு கேம் கருவி தனியாக நின்று பயன் தருவதில்லை. அதற்கு ஆட்டங்களை உருவாக்கும் நிறுவனங்கள், எத்தனை பேர் கையில் கருவி இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் பணத்தைப் போடுகின்றன. முதலில் வாங்கிய லட்சக்கணக்கானோர் இல்லையென்றால் பின்னால் வருவோருக்கு ஆட்டங்களே இல்லை. அந்தக் கருவி தன் வாழ்நாளில் 7 கோடியே 59 லட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்டதற்கு, விலைக் குறைப்பு எவ்வளவு காரணமோ அதே அளவுக்கு, ஒன்றும் இல்லாத நாட்களில் அதை நம்பி வாங்கியவர்களும் காரணம்.

நின்டெண்டோவின் அன்றைய தலைவர் சடோரு இவாடா இதை உணர்ந்திருந்தார் என்பதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். முதலில் வாங்கியவர்கள் தாங்கள் ஏமாற்றப்பட்டதாக நினைக்கக்கூடும் என்பதை அவர் வாடிக்கையாளர்களுக்கு எழுதிய கடிதத்தில் மழுப்பாமல் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். தம் சம்பளத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டார். மற்ற இயக்குநர்களும் 20 முதல் 30 சதவீதம் வரை குறைத்துக்கொண்டார்கள். புதிய விலையில் ஒவ்வொரு கருவியும் அடக்கவிலைக்கும் கீழே விற்கப்பட்டது. 2012 மார்ச்சில் முடிந்த ஆண்டில் நிறுவனம் 4,320 கோடி யென் நட்டத்தைச் சந்தித்தது. நிலைமை இவ்வளவு நெருக்கடியாக இருந்தபோதும் முதல் வாங்குநர்களை மறந்துவிடாமல், அம்பாசடர் (தூதர்) திட்டம் என்ற பெயரில் அவர்களுக்கு 20 ஆட்டங்களை இலவசமாகத் தருவதாக நிறுவனம் அறிவித்தது. நிறுவனத்தின் 1980களின் என்இஎஸ் கேம் கருவிக்கு உரிய 10 ஆட்டங்கள் செப்டம்பர் தொடக்கத்திலும், கேம் பாய் அட்வான்ஸ் கருவிக்கு உரிய 10 ஆட்டங்கள் டிசம்பர் நடுவிலும் வந்து சேர்ந்தன.

அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா மகன் அப்போது பள்ளி மாணவன். சேர்த்துவைத்த பணத்தில் வெளியான வாரமே நீல நிறக் கருவியை வாங்கினான். இப்போது அது என்னிடம் இருக்கிறது. மூடியைத் திறந்தால் கீழ்த்திரையில் சிறு சிறு கட்டங்களாக அந்த 20 ஆட்டங்களும், அவற்றின் நடுவே அம்பாசடர் சான்றிதழ் என்ற ஒரு படவுருவும் இன்றும் வரிசையாக நிற்கின்றன. அந்தச் சான்றிதழை அவன் தன் வகுப்புத் தோழர்களுக்கெல்லாம் காட்டி மகிழ்ந்ததை அக்கா பலமுறை சொல்லியிருக்கிறார். அதில் உள்ள கேம் பாய் அட்வான்ஸ் ஆட்டம் ஒன்றை ஓடவிட்டு மூடியை மூடினால், மற்ற ஆட்டங்களைப் போல அது உறக்க நிலைக்குப் போவதில்லை. மின்கலம் தீர்ந்துகொண்டே இருக்கும். விட்ட இடத்தில் நிறுத்திவைத்து மீண்டும் தொடரும் வசதியும் அந்தப் பத்துக்குக் கிடையாது. ஆனாலும் அந்தப் பத்தும் 3டிஎஸ் கருவிக்கு வேறு எவருக்கும் கடைசிவரை விற்கப்படவே இல்லை என்பதால், அவன் அவற்றைப் பொக்கிஷம்போல வைத்திருந்தான். ஈடு என்பது ஒருவருக்கு மதிப்பைத் தருவதோடு மரியாதையையும் தர முடியும் என்பதை அந்தச் சிறுவனின் மகிழ்ச்சியிலிருந்து நான் தெரிந்துகொண்டேன்.

அப்படியானால் குறை எங்கே என்று கேட்கலாம். யாருக்கு ஈடு என்பதை முடிவு செய்த விதத்தில்தான் என் முதல் குறை. வாங்கிய நாளையோ கொடுத்த விலையையோ நிறுவனம் அளவுகோலாக வைக்கவில்லை. ரசீதைக் கேட்கவும் இல்லை. அமெரிக்காவில் ஆகஸ்ட் 11 இரவு முடிவதற்குள் கருவியை ஒருமுறையாவது இணையக் கடையோடு இணைத்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. நிறுவனத்துக்கு இது எளிது. கருவியே கணக்கைச் சொல்லிவிடும். ஆனால் அந்த இணையக் கடை ஜூனில்தான் திறந்தது. மார்ச்சில் முழு விலைக்கு வாங்கி, வீட்டில் வைஃபை இல்லாததால் கருவியில் செருகும் அட்டைகளில் வரும் கேம்களை மட்டும் ஆடிக்கொண்டிருந்த சிறுவனை இந்த நிபந்தனை வெளியே நிறுத்துகிறது. பிள்ளையின் பிறந்தநாளுக்கென்று வாங்கிப் பெட்டியைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருந்த பெற்றோருக்கும் அதே கதிதான். மறுபக்கம், சில கடைகள் ஓரிரு நாள் முன்னதாகவே புதிய விலைக்கு விற்கத் தொடங்கியதால், குறைந்த விலைக்கு வாங்கி அன்றிரவே இணைத்துக்கொண்டவருக்கு 20 ஆட்டங்களும் கிடைக்க வழி பிறந்தது. இழப்பே இல்லாதவருக்கு ஈடும், முழு இழப்பு உள்ளவருக்கு வெறுங்கையும் கிடைக்க இடம்கொடுக்கும் ஒரு விதியை நியாயமான விதி என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இரண்டாவது குறை, ஈட்டின் வடிவத்தைப் பற்றியது. கணக்குப் போட்டால் நிறுவனம் கஞ்சத்தனம் காட்டவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். என்இஎஸ் ஆட்டங்கள் பின்னாளில் அதே இணையக் கடையில் ஒவ்வொன்றும் 4.99 டாலருக்கு விற்கப்பட்டன. கேம் பாய் அட்வான்ஸ் ஆட்டங்கள் பிற்பாடு வீ யூ என்ற வேறொரு கருவிக்கு 7 அல்லது 8 டாலர் அளவில் விற்கப்பட்டன. இருபதையும் கூட்டினால் ஏறத்தாழ 120 முதல் 130 டாலர் வரை வருகிறது. இழந்தது 80 டாலர்தான். ஆனால் இந்தக் கூட்டல் விற்பவர் ஒட்டிய விலைச் சீட்டை வைத்துச் செய்வது. என்றோ எழுதி முடித்த மென்பொருளின் இன்னொரு நகலைக் கொடுப்பதில் நிறுவனத்துக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். வாங்குகிறவர் பக்கத்திலிருந்து பார்த்தால், அந்த ஆட்டங்களைப் பழைய கருவிகளில் ஏற்கெனவே வைத்திருந்தவருக்கும், பழைய ஆட்டங்களில் நாட்டமே இல்லாதவருக்கும் அவற்றின் மதிப்பு ஏறக்குறைய ஒன்றுமில்லை. பணமாக வாங்கிக்கொண்ட தொகைக்கு, தன் கிடங்கில் உள்ள சரக்கில் தானே பொறுக்கி எடுத்த ஒன்றைத் திருப்பிக் கொடுப்பவர், கொடுக்கல் வாங்கலில் தன் வசதியை மட்டும் பார்த்துக்கொள்கிறார்.

இதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே வேறு ஒரு வழி காட்டப்பட்டிருந்தது. ஆப்பிள் நிறுவனம் 2007 ஜூன் 29 அன்று முதல் ஐபோனை 599 டாலருக்கு வெளியிட்டு, செப்டம்பர் 5 அன்று அதை 399 டாலராகக் குறைத்தது. மறுநாளே ஸ்டீவ் ஜாப்ஸ் திறந்த கடிதம் ஒன்றை எழுதி, முன்னர் வாங்கியவர்களுக்கு ஆப்பிள் கடையில் செலவிடத்தக்க 100 டாலர் வரவு தருவதாக அறிவித்தார். வாங்கி 14 நாட்களுக்குள் இருந்தவர்களுக்கு முழு 200 டாலரும் திருப்பித் தரப்பட்டது. வித்தியாசத் தொகையில் பாதிதான் என்பதால் இதுவும் முழு ஈடாகாது. அதையும் அதே கடையில்தான் செலவிட வேண்டும். இருந்தாலும், வாங்கினாரா என்பதை அளவுகோலாகக் கொண்டதிலும், எதை வாங்குவது என்ற முடிவை அவரிடமே விட்டதிலும் அது அம்பாசடர் திட்டத்தைவிட நேர்மையான முறை. மன்னிப்புக் கேட்ட விதத்தில் இவாடா ஒரு படி மேலே நின்றார் என்பது என் கருத்து. சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு கேட்கும் மன்னிப்புக்கு எடை அதிகம்.

மூன்றாவதாக, பொருளாக அல்லாமல் தரவிறக்கமாகத் தரும் ஈடு எவ்வளவு நாள் நிலைக்கும் என்ற கேள்வியும் இருக்கிறது. 3டிஎஸ் கருவியின் இணையக் கடையில் 2023 மார்ச் 27 முதல் எதையும் வாங்க முடியாது. ஏற்கெனவே பெற்றவற்றை மீண்டும் தரவிறக்கிக்கொள்ளும் வசதி மட்டும் விட்டுவைக்கப்பட்டிருக்கிறது. என்னிடமுள்ள கருவியின் நினைவக அட்டை பழுதானால் அந்த 20 ஆட்டங்களும் திரும்பி வருமா என்பது, நிறுவனம் அந்த வழங்கியை (சர்வரை) எத்தனை நாள் ஓடவிடுகிறது என்பதைப் பொறுத்தது. 80 டாலர் கையில் வந்திருந்தால் இந்தக் கவலைக்கே இடமில்லை.

எனவே, இனி எந்த நிறுவனமாவது ஒரு கருவியின் விலையை வெளியான ஆறு மாதத்துக்குள் இவ்வளவு பெரிய அளவில் குறைக்க நேர்ந்தால், ரசீதில் உள்ள நாளையும் தொகையையும் கொண்டு வித்தியாசத்தைக் கணக்கிட்டு, அதைப் பணமாகவோ, வாங்கியவர் விருப்பப்படி செலவிடத்தக்க வரவாகவோ தர வேண்டும். ரசீதைத் தொலைத்தவர்களுக்குக் கருவியின் வரிசை எண்ணைக் கொண்டு விற்பனைப் பதிவைத் தேடித் தர நிறுவனம் முயல வேண்டும். இலவச ஆட்டங்களும் சான்றிதழும் அதற்கு மேல் அன்பளிப்பாக வரட்டும். என் அக்கா மகனைப் போன்றவர்கள் அவற்றை உள்ளம் நிறைந்து ஏற்பார்கள்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. 2011இல் அறிவிப்புக்கும் கடைசி நாளுக்கும் இடையே இருந்தது இரண்டே வாரம். அந்த இரண்டு வாரத்தில் செய்தி கண்ணில் பட்டவர்கள் கருவியை இணைத்துத் தங்கள் பங்கைப் பெற்றார்கள்; படாதவர்கள் இழந்தார்கள். விலைக் குறைப்புச் செய்திகளில் பழைய விலையும் புதிய விலையும் பெரிய எழுத்தில் வருகின்றன. முன்பே வாங்கியவருக்கு என்ன கிடைக்கும், அதற்கு அவர் என்ன செய்ய வேண்டும், எந்த நாளுக்குள் செய்ய வேண்டும் என்பவை பெரும்பாலும் கடைசிப் பத்தியில் இருக்கின்றன, அல்லது இடமின்மையால் வெட்டப்படுகின்றன. அந்த மூன்று விவரங்களையும் தலைப்பை ஒட்டியே, தனிக் கட்டமிட்டு வெளியிடும்படி தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்