யோம் கிப்பூர்: கவனத்துக்கு

இஸ்ரேலின் ரெகோவோத் நகரில் இருக்கும் நண்பர்களுக்கு வணக்கம். 2026 செப்டம்பர் 20 ஞாயிறு மாலை தொடங்கி திங்கள் இருட்டும்வரை யோம் கிப்பூர். யூதர்கள் சுமார் 25 மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் பாவமன்னிப்பு வேண்டும் நாள்.

1. பஸ், ரயில், விமானம் எதுவும் ஓடாது. கடைகளும் ஞாயிறு மதியமே பூட்டத் தொடங்கிவிடும்.
2. கார் எடுக்காதீர்கள், நடுரோடெல்லாம் பிள்ளைகளின் சைக்கிள்தான். ஆம்புலன்ஸுக்கு 101.
3. வெளியில் நின்று சாப்பிட வேண்டாம். மீன் குழம்பையும் தள்ளிப்போடுங்களேன், வாசனை மாடிப்படி முழுக்கப் போகும்!
4. முந்தைய நாட்களில் யாராவது வந்து மன்னிப்புக் கேட்டால் திகைக்காதீர்கள். மனிதருக்குச் செய்த தப்புக்கு அவரிடமே கேட்டுச் சமாதானமாக வேண்டும். நோன்பு மட்டும் போதாது என்பது அவர்கள் நெறி.
5. திங்கள் இரவு ஷோஃபார் கொம்பு ஊதியதும் நோன்பு முடியும்.

வெள்ளி காலை 9 மணிக்குச் சந்தைக்குச் சேர்ந்து போகிறோம். வருபவர்கள் வியாழன் இரவுக்குள் இங்கே பெயர் போடுங்கள்.